லோரிக்காரர் தைத்த குப்பிப் பை

மார்பக அறுவைக்குப் பிறகு விலாவில் ஒரு குழாய், அதன் நுனியில் நீர் சேரும் குப்பி. குப்பியைச் சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டால், நடக்கும்போதெல்லாம் குழாய் இழுத்து உயிர் போகும்.

இன்று கட்டு மாற்றப் போனபோது, என் கழுத்தில் தொங்கிய குப்பிப் பையை வார்டு தாதி மிஸ்ஸி புரட்டிப் பார்த்தார்.

"எங்க வாங்குனீங்க அக்கா?"

லோரி ஓட்டும் என் கணவர் நெளிந்தார். "நான் தைச்சதுதான் மிஸ்ஸி. லோரி மூடுற கென்வாஸ் தைக்கிற கைதானே. என் பழைய கைலி, மெத்துன்னு இருக்கும்."

"வார்டுக்கும் பத்து தைச்சுக் குடுங்க லா, அண்ணே!"

எங்கள் ஊர் லூபோக் சீனா வரும்வரை மனிதர் விசிலடித்துக்கொண்டே வந்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

பத்துப் பை தைக்கவேண்டும், பழைய கைலி இருந்தால் கொடுங்கள். அவர் சட்டைக்குப் பித்தான் வைக்க மட்டும் இன்னும் நான்தான் வரவேண்டுமாம். உங்கள் வீட்டில் எப்படி?