யார் சொல்லிக் கொடுத்தது?

"இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஒரு குழந்தையிடம் கேட்பது தவறா, கேட்காமல் விடுவது தவறா? போன வருடம் ஆடி மாதத்திலிருந்து இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

நாங்கள் புதுப்பட்டினத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு இங்கே பக்கத்திலேயே அரசு வேலை. எனக்கு நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகம். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் போய் வருவேன், மற்ற நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று கணவர் கிண்டல் செய்வார்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் நின்றிருந்தபோது, கடல் என்ன தப்பு செய்தது என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. "ஒரே வரிய திரும்பத் திரும்ப எழுதிட்டே இருக்கே. அதுக்கு யாரும்மா இம்போசிஷன் குடுத்தாங்க?" என்றாள்.

வேறு அம்மாவாக இருந்தால் அள்ளிக் கொஞ்சியிருப்பாள். எனக்கு முதலில் தோன்றியது, இது இவள் பேச்சு இல்லையே என்பதுதான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, நானே யோசித்தேன் என்றாள். நான் நம்பவில்லை.

அடுத்த வாரம் பள்ளியில் கலங்கரை விளக்கம் வரையச் சொன்னார்கள். இவள் கடலுக்குள் தலைகீழாகத் தொங்கும் ஒரு கலங்கரை விளக்கத்தை வரைந்துகொண்டு போனாள். கப்பலுக்கு வழிகாட்ட மேலே விளக்கு இருக்கிறது, வழி தெரியாமல் போன மீன் குட்டிக்கு யார் விளக்குப் போடுவார்கள் என்பது அவள் வாதம். வகுப்பு ஆசிரியை என்னை அழைத்து, வீட்டில் யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றச்சாட்டு இருப்பதாக எனக்குப் பட்டது. எங்கள் பகுதி அம்மாக்கள் பிள்ளைகளின் புராஜெக்டைத் தாங்களே செய்துகொடுப்பதும், முடியாதவர்கள் ஸ்டேஷனரி கடையில் சொல்லிச் செய்து வாங்குவதும் ஊரறிந்த விஷயம். நான் செய்து கொடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். டேப்லெட்டில் அவள் பார்த்த கார்ட்டூன்கள் ஒவ்வொன்றையும் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். கதைப் புத்தகங்களைப் புரட்டினேன். மாடிவீட்டுப் பெண்ணிடம் சாடையாக விசாரித்தேன். எங்கும் அந்த விளக்கு இல்லை. எங்கும் இல்லை என்றால் அவளுடையது என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது, நான் இன்னும் சரியாகத் தேடவில்லை என்றுதான் நினைத்தேன்.

தினமும் காலையில் தலை பின்னும்போது கேட்பேன். உண்மையைச் சொல், யார் சொன்னது? நான்தான் என்பாள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, "போட்ல இருக்கற அண்ணா சொன்னாங்க" என்றாள்.

என் கையில் இருந்த சீப்பு அப்படியே நின்றது. எந்த அண்ணா? சிவப்பு டீ-ஷர்ட் அண்ணா. காதில் கம்மல் போட்டிருப்பார். எங்கே பார்த்தாய்? வேன் நிற்கும் இடத்தில். வேறு என்ன செய்தார்? மிட்டாய் கொடுத்தார். உன்னைத் தொட்டாரா? இல்லை. அந்த 'இல்லை'யையும் நான் நம்பவில்லை.

பள்ளி வேன் வழியில் ஒரு மீனவர் குப்பத்தில் நின்று மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். ஓட்டுநரைப் பிடித்துக் கேட்டேன். "இன்னாக்கா இப்டி கேக்குற? வண்டில ஆயா கீது. ஒரு கொயந்த கால் கீய வெக்காது" என்றார். ஆயாவும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம் அதிகமானது. அவசரப்படாதே, பள்ளியில் பேசிக்கொள்ளலாம் என்று கணவர் சொன்னார். அவர் மேல்கூடக் கோபம் வந்தது.

மறுநாள் லீவு போட்டேன். மதியம் பள்ளி விட்டதும் மகளை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு நேராக அந்தக் குப்பத்துக்குப் போனேன். கரையில் இழுத்துவிட்டிருந்த படகுகளின் நிழலில் நான்கைந்து பேர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சிவப்பு டீ-ஷர்ட். காதில் கடுக்கன்.

இவரா என்று மகளைக் கேட்டேன். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு நான் பேசியதை முழுதாக எழுத எனக்குத் துணிவில்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும் என்றேன். போலீசுக்குப் போவேன் என்றேன். வீடுகளிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒருவர் அவருடைய மனைவி. கூட்டத்தில் ஒருவர், ஸ்டேஷனுக்குப் போனால் பையன் வாழ்க்கை போச்சு என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை.

அந்த மனிதர் மடியில் கிடந்த வலையைத் தள்ளக்கூட இல்லை. என் மகளைப் பார்த்து, "பாப்பா, நான் உங்கிட்ட இன்னா சொன்னேன், நீயே சொல்லு" என்றார்.

அவள் ஆரம்பித்தாள். கடல் இம்போசிஷன் எழுதுவதைச் சொன்னாள். மீன் குட்டிகளுக்கான விளக்கைச் சொன்னாள். அப்புறம் என்றார் அவர். மீன் பள்ளிக்கூடத்தில் நண்டுதான் டிரில் மாஸ்டர், அதனால்தான் எல்லோரையும் பக்கவாட்டிலேயே நடக்கச் சொல்கிறது என்றாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் என்றார். அவள் கண் அவர் மடியிலிருந்த வலையில் போய் நின்றது. ஒரு நொடிதான். "இந்த ஓட்டையெல்லாம் ஜன்னல். சின்ன மீன் ஜன்னல் வழியா வீட்டுக்குப் போயிடும். நிறைய சாப்ட்ட மீன் மாட்டிக்கும்" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண் முன்னால், அது அவளுக்குள் உருவாகி வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"எக்கா, இத்தெல்லாம் நானே இப்பதான் கேக்குறேன்" என்றார் அவர். "இவ்ளோ யோசன எனுக்கு இருந்தா நான் ஏன் வலை தச்சிகினு கீறேன்?"

அவர் மனைவி விடவில்லை. "இந்த ஆளு வூட்ல நாலு வார்த்த சேந்தாப்ல பேசாது. உம் பொண்ணுக்குக் கத சொல்லிச்சா? செவப்பு சட்ட போட்டது ஒரு குத்தமாம்மா?"

மகளிடம் மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, வேன் ஜன்னலிலிருந்து பார்த்ததுதான், இவரைத் தெரியாது என்றாள். மிட்டாயும் இல்லை, அண்ணாவும் இல்லை. நான் இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை போக்கா என்றார். அவர் மனைவி அப்படிச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் செய்ததுதான் நியாயம்.

திரும்பி வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஏன் பொய் சொன்னாய் என்று அதட்டினேன். அழுதுகொண்டே சொன்னாள்: "நான் யோசிச்சேன்னு சொன்னா நீ நம்பவே இல்ல. யாரோ சொன்னாங்கன்னு சொன்னேன், ஒடனே நம்பிட்ட."

மறுநாள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். ஒரு சிக்கலுக்கு எனக்கு நல்ல வழி ஒன்று தோன்றியது. எழுந்து, "எங்கேயோ படித்தேன்..." என்று தொடங்கித்தான் சொன்னேன். எங்கேயும் படிக்கவில்லை. நானே யோசித்தது. பத்து வருடமாக இப்படித்தான் சொல்லி வருகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. செங்கல்பட்டில் எட்டாம் வகுப்புப் படித்தபோது, மழை பற்றி நான் எழுதிய கட்டுரையைத் தூக்கிக் காட்டி, எங்கே காப்பி அடித்தாய் என்று வகுப்பு முழுவதும் கேட்க ஒரு ஆசிரியை கேட்டார். அதன் பிறகு நோட்ஸில் இருப்பதை மட்டுமே எழுதினேன். நல்ல மதிப்பெண் வந்தது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அந்த ஆசிரியையின் குரல்தான் தினமும் காலையில், கையில் சீப்போடு, என் வாயிலிருந்து வந்திருக்கிறது.

அன்று அதட்டியதிலிருந்து மகள் மாறிவிட்டாள். மேகத்தைக் காட்டி இது எப்படி இருக்கிறது என்று கேட்டால், மேகம் மாதிரி இருக்கிறது என்கிறாள். நான் நம்புகிறேன், நீ சொல் என்று பலமுறை சொல்லிவிட்டேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள், நான் அவளைப் பார்த்தது போலவே. பிறகு, "மிஸ் சொன்னதுதான் கரெக்ட்" என்று முடித்துவிடுகிறாள்.

எனக்கு இரண்டு பயம். இவளும் முப்பது வயதில் எழுந்து நின்று 'எங்கேயோ படித்தேன்' என்று சொல்லப் போகிறாளோ என்பது ஒன்று. நாளைக்கு உண்மையிலேயே ஒருவன் மிட்டாயோடு வந்தால், அதை இவள் வந்து சொல்லும்போது நான் எதை வைத்து நம்புவது என்பது இன்னொன்று. கற்பனை செய், ஆனால் என்னிடம் பொய் சொல்லாதே என்று ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படிப் புரிய வைப்பது? பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மூடிய வாயை அவளாகவே திறக்க நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யாமல் இருக்க வேண்டும்?