இங்கிலீசு பேசிய பேய்

எனக்கு உட்கார்ந்து படிக்க வராது. காலை ஆட்டாமல் கொஞ்ச நேரம் இருந்தாலே உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். செஞ்சி கடைவீதியில் எங்கள் மளிகைக் கடைக்கு மேலேயே வீடு. அந்த மொட்டைமாடியில் குட்டி போட்ட பூனை மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்துதான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்து சேர்ந்தேன். அறுபதுகளில் எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் வந்த பெண் நான் ஒருத்திதான். அதுவே நைனாவுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"அரையாண்டுல இங்கிலீசுல பெயிலாயிட்டேன்னு வச்சிக்கோ, தையில உனக்கும் மாமனுக்கும் கண்ணாலம். அதுக்கப்புறம் பேச்சே இல்ல," என்று சொல்லிவிட்டார். மாமன் என்றால் அம்மாவின் தம்பி. நல்ல மனுஷர்தான், ஆனால் காதோரம் நரைக்க ஆரம்பித்தவர். இங்கிலீசில் நான் அதுவரை ஒழுங்காகப் பாஸ் ஆனதில்லை. நைனாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த நிபந்தனை போட்டார். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வருஷம் இங்கிலீசுக்குத் துணைப்பாடம் ஒரு பழைய பேய்க்கதை. சீமையில் ஒரு பாழடைந்த பங்களா, மாடியில் யாரோ நடக்கிற சத்தம், ஜன்னலில் வெளுத்த முகம். கதையிலிருந்து தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் செய்ய வேண்டும். வார்த்தையை வாயால் சொன்னால் மட்டும் ஒட்டாது, உடம்பால் செய்துகொண்டே சொல்லுங்கள் என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். உட்கார முடியாத எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஷடர் என்றால் தோள் குலுங்க நடுங்கினேன். மோன் என்றால் அடிவயிற்றிலிருந்து முனகினேன். ஸ்டேர் என்றால் எதிரே நின்ற ராஜகிரிக் கோட்டை மலையைக் கண் கொட்டாமல் முறைத்தேன். ஷ்ரீக் என்ற வார்த்தையை மட்டும் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கத்தினேன். அப்படியும் கீழே கேட்டிருக்கிறது.

சோறு இறங்கவில்லை. தூக்கத்திலும் வார்த்தைகளை உளறினேனாம். தலை வாரப் பொறுமையில்லாமல் விரித்துப் போட்டபடி திரிந்தேன். இத்தனையும் ஒன்று சேர்ந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பக்கத்துப் பாத்திரக்கடைக்கார அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "உன் பொண்ணு கோட்டைப் பக்கம் போச்சா? இங்கிலீசுலயே பேசுதேடி! அங்க செத்த வெள்ளக்கார சிப்பாயி எவனோ புடிச்சிக்கினு இருக்கறான்." அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, பாடம் படிக்கிறேம்மா! பரீட்சைக்கு! இதோ புஸ்தகம், பாரு!" என்று கத்தினேன். புத்தகத்தின் அட்டையிலேயே பேய்ப் படம். போதாதா? அம்மா அதைத் துடைப்பத்தால் மூலைக்குத் தள்ளினாள். ஆத்திரத்தில் சொம்பைத் தூக்கி எறிந்தேன். "பாத்தியா, நம்ம பொண்ணு என்னிக்காவது இப்டி எறிஞ்சிருக்குதா?" என்று அழுதாள். எறிந்திருக்கிறேன், பல தடவை. அன்றைக்கு அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் அழுதால் பேய் அழுகிறது, சிரித்தால் பேய் சிரிக்கிறது, சும்மா இருந்தால் பதுங்கியிருக்கிறது. அரையாண்டு நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள்.

அமாவாசையன்று பேயோட்டுவதற்காக மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் என்னை நடுவில் உட்காரவைத்து நைனா ஒரு கையையும் அம்மா ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். காலை மட்டும் ஆட்டிக்கொண்டே போனேன். பரீட்சை போச்சு, படிப்பு போச்சு, தையில் கழுத்தை நீட்டப் போகிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

உச்சிப்பொழுது. அங்காளம்மன் கோயில் வெளியில் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. எனக்கு முன்னால் ஒருத்தி தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தாள். பூசாரி வேப்பிலையால் அடித்து, "யாரு நீ? இன்னா வோணும் உனக்கு?" என்று கேட்டார். அவள் கோழி கேட்டாள். புதுப்புடவை கேட்டாள். அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு, "தர்றேன் தாயி, தர்றேன்," என்றான். வீட்டில் அவள் புடவை கேட்டிருந்தால் முதுகில் நாலு விழுந்திருக்கும்.

எனக்குச் சுருக்கென்றது. அட, இங்கே கேட்டால் கிடைக்கிறதே! பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்? ஏறிவிட்டேன். வேப்பிலை முகத்தில் பட்டதும், அத்தனை நாள் படித்ததையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டேன். ஷடர், மோன், ஸ்டேர், ஷ்ரீக். இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. பம்பைக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னா வோணும், சொல்லு! சேவல் தரட்டுமா?" என்றார் பூசாரி.

"வாணாம்."

"பொங்க வெச்சிப் படைக்கட்டுமா?"

"வாணாம். இந்தப் பொண்ணு படிக்கணும். பெயிலானாலும் படிக்கணும். போதும்னு அது சொல்ற வரிக்கும் கண்ணாலப் பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தா திரும்பி வருவேன்!"

நைனா என் முன்னால் கைகூப்பி நின்றார். "படிக்க வெக்கிறேன் சாமி. சத்தியமா படிக்க வெக்கிறேன்," என்று எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். கேட்டது கிடைத்துவிட்டது, எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மாடிப்படியில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இதையேதானே எத்தனையோ தடவை கெஞ்சினேன்!

அரையாண்டு எழுதினேன். இங்கிலீசில் பாஸ். அம்மா மறுபடி எனக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள். தை பிறந்ததும் மாமனுக்காகப் பேச அம்மாவின் பெரியப்பா வெற்றிலைத் தட்டோடு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்தார்.

"பொட்டப் புள்ளைக்கு இதுக்கு மேல இன்னா படிப்பு, மாப்ள? அது ஆசப்பட்டா நீயும் கூட ஆடுவியா?" என்றார்.

"அது ஆசைக்கா உடறேன்?" என்றார் நைனா. "செத்தவங்களுக்குக் குடுத்த வாக்கு மாமா. மீற முடியாது."

கதவுக்குப் பின்னால் நான் உயிரோடு நின்றுகொண்டிருந்தேன்.