வால் நுனி வரைக்கும்

சீலா மீனை வால் நுனி வரைக்கும் அளக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ரொம்ப நாளா இப்படித்தான் எனக்கு நானே கதை விட்டுக்கிட்டு இருந்தேன். சுத்தப் பொய். கம்பெனி குடுத்த கையேட்டுல படமே போட்டிருந்துச்சு. மூக்குல ஆரம்பிச்சு, வால் ரெண்டாப் பிரியுற கவட்டையில முடியுற மாதிரி ஒரு சிவப்புக் கோடு. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்ல. கடக்கரையில பொறந்தவனுக்கு மீனை அளக்கப் படம் வேற பாக்கணுமான்னு ஒரு திமிரு.

துபாய்க்கு அந்தாண்ட, புஜைரா பக்கம் ஒரு மீன் இறங்குதுறையில எனக்கு வேலை. கடல்ல எவ்வளவு மீன் இருக்குன்னு கணக்கெடுக்குற ஒரு தனியார் கம்பெனி. காலையில போட் வந்ததும், பெட்டியில கைக்கு வந்த மீனை எடுத்து அளவுப் பலகையில கிடத்தி, நீளத்தை டேப்லெட்ல ஏத்தணும். அந்த நீளத்தை வச்சுத்தான் விஞ்ஞானிங்க, இந்த வருஷம் இவ்வளவு பிடிச்சாக் கடல் தாங்கும்னு ஒரு அளவு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் அரசாங்கம் எவ்வளவு பிடிக்க அனுமதி குடுத்துச்சு, எவ்வளவு கரைக்கு வந்துச்சுன்னு மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, விஞ்ஞானி பேச்சைக் கேட்டாங்களா இல்லையான்னு பாக்குறதுதான் கம்பெனியோட பொழப்பு. கேட்டிருந்தா அறிக்கையில அந்த மீனோட கட்டம் பச்சை. மீறியிருந்தா சிவப்பு.

என்னைப் பழக்கிவிட்டவர் ஒரு பிலிப்பினோ. ரெண்டே நாள்தான். அந்த ரெண்டு நாளும் களவா மீன்தான் வந்துச்சு. களவாவுக்கு வால் வட்டமா இருக்கும், கவட்டையே கிடையாது. மூக்குல இருந்து வால் முடியுற வரைக்கும் அளந்தாச் சரி. அவரு கிளம்பிப் போன மறுநாள் சீலா வந்து இறங்குச்சு. மெட்ராஸ்ல வஞ்சிரம்னு சொல்லுவாங்களே, அதேதான். அதுக்கு வால் கத்தரிக்கோலை விரிச்சு வச்ச மாதிரி இருக்கும். எங்க ராமநாதபுரத்துக் கரையில ஏலத்துக்கு ஒரு சீலாவைப் போடும்போது, பெருசாத் தெரியணும்னு வாலை நல்லா இழுத்து நீட்டித்தான் போடுவோம். கை பழகுனது அது. வாலை நீட்டுனேன், நுனியைப் பாத்தேன், ஏத்துனேன். ஒவ்வொரு மீனுக்கும் நாலு விரக்கடை அதிகம். ஒரு சீசன் முழுக்க இப்படியே.

அந்தக் கரையில ஒரு சின்னப் போட்ல, எங்க ஊருக்குப் பத்து மைல் தள்ளி இருக்குற ஒருத்தரு வேலை பாத்தாரு. நாப்பத்தாறு வயசு. நான் அண்ணன்னு கூப்புடுவேன், அவரு தம்பிம்பாரு. வந்து பத்து மாசம்தான். அரபில யல்லா, கலாஸ், இந்தியில அச்சா, இங்கிலீஷ் சுத்தமா வராது. போட்ல இருந்த மத்த மூணு பேரும் நம்ம பக்கத்து ஆளுங்கதான், அதனால கத்துக்க வேண்டிய அவசியமும் வரல. வெள்ளிக்கிழமை லீவுன்னா என்னைத் தன் ரூமுக்கு இழுத்துக்கிட்டுப் போயி, புளியைக் கரைச்சு ஊத்தி ஒரு மீன் குழம்பு வைப்பாரு. தலைத்துண்டு எப்பவும் எனக்குத்தான்.

போட்ல மீனைத் தரம் பிரிக்கிறது அவரு வேலை. சட்டத்துல குறிச்ச நீளத்துக்குக் குறைஞ்ச சீலாவைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. விசா குடுத்த கபீல் முதல் நாளே சொல்லிட்டாராம்: மாட்டுனா கலாஸ், கதை முடிஞ்சுது, பிரிச்சவன் ஊருக்குப் போக வேண்டியதுதான். அண்ணனுக்கு அதுதான் ராத்திரி பகலா பயம். "இந்த வயசுல எனக்கு இன்னொரு விசா எவன் தம்பி குடுப்பான்? மக நர்சிங் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் இங்க எப்படியாச்சும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கணும், அவ்வளவுதான்"னு சொல்லுவாரு.

ஒரு நாள், மீன் பிரிக்கிற பலகையைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தாரு. "நீ படிச்சவன், அளக்குறதே உன் வேலை. அந்த நீளத்தை இதுல ஒரு கோடாப் போட்டுக் குடு." எனக்குப் பெருமை தாங்கல. கத்தியால கோட்டைக் கீறி, மேல பச்சைப் பெயிண்ட்டும் அடிச்சுக் குடுத்தேன். வால் நுனி கோட்டைத் தொட்டா எடு, தொடாட்டி கடல்ல விட்டுருன்னு சொன்னேன். மனுசன் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாரு. ஒரு விரல் குறைஞ்சாலும் தூக்கிப் போட்டுருவாராம். இவன் கபீலுக்கு மேல கபீலா இருக்கான்னு கூட இருக்குறவங்க திட்டுவாங்களாம். அதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

வருஷ அறிக்கை வந்துச்சு. எங்க கரையில சீலா நல்லாப் பெருத்திருக்கு, அதனால பிடிக்கிற அளவைக் கூட்டலாம்னு விஞ்ஞானிங்க சொல்லியிருந்தாங்க. அனுமதியும் அதே அளவுக்குத்தான் கூடுச்சு, ஒரு கிலோ தாண்டல. விஞ்ஞானிங்க சொன்ன பேச்சை அரசாங்கம் தட்டாமக் கேட்டுருச்சு, நான் சொன்ன பொய்யை விஞ்ஞானிங்க கேட்டிருந்தாங்க. கட்டம் பூரா பச்சை. ஆபீஸ்ல லட்டு குடுத்தாங்க. நான் ரெண்டு தின்னேன்.

அடுத்த வாரம், பக்கத்து நாடு ஓமான்ல, சோஹார்ங்கிற ஊர்ல எங்க கம்பெனிக்கே இதே வேலை பாக்குற ஒரு மலையாளி போன் பண்ணாரு. "என்ன பாய், ஒரே கடல், ஒரே மீன், உங்க பக்கம் மட்டும் நாலு விரல் பெருசா இருக்கு? என்ன தீனி போடுறீங்க?"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். போனை வச்சதும் கையேட்டைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டுனேன். அய்யய்யோன்னு வாய்விட்டே கத்திட்டேன்.

அன்னைக்கே ஆபீசுக்குச் சொல்லியிருக்கணும். சொன்னேனா? மறுநாள்ல இருந்து கமுக்கமாத் திருத்த ஆரம்பிச்சேன். திடீர்னு மீன் சின்னதாப் போனா சந்தேகம் வருமே. அதனால வாரத்துக்கு ஒரு விரக்கடையாக் குறைக்கிறதுன்னு திட்டம் போட்டேன். பாக்குறவங்களுக்குக் கடல் கொஞ்சம் கொஞ்சமா மெலியுற மாதிரி இருக்கும், பழி மீன் பிடிக்கிறவங்க மேல போகும். நல்லதுக்கு வேலை செய்யாத மூளை இதுக்கு என்னமா வேலை செஞ்சுச்சு!

அண்ணன்கிட்டயும் சொல்லல. சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கோடு தப்புண்ணே, நுனியைப் பாக்காதே, கவட்டையைப் பாரு. இவ்வளவுதான். ஆனா அவரு வெள்ளந்தி. தம்பி அளவைத் திருத்திக் குடுத்துட்டான்னு கரை பூரா சந்தோஷமாச் சொல்லுவாரு. அது சுத்திச் சுத்தி என் ஆபீசுக்கு வந்து சேந்தா என் கதி? வாயை மூடிக்கிட்டேன். தெனமும் கரையேறுனதும் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுப்பாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்த அந்த நாளெல்லாமும் வாங்கிக் குடுத்தாரு, நானும் கூசாமக் குடிச்சேன். என்னையெல்லாம் காறித் துப்பணும்.

நான் கையேட்டைப் புரட்டுன பதினோராவது நாள், மீன்வளத் துறை சோதனைக்காரங்க வந்தாங்க. அண்ணன் போட்ல வந்த மூணு பெட்டியைக் கவுத்து, கவட்டை வரைக்கும் அளந்தாங்க. முக்காவாசி மீன் குறைச்சல். அண்ணன் பதறவே இல்ல, அதுதான் கொடுமை. பலகையைத் தூக்கிக் காட்டி, "அளவு இருக்கு சார், கரெக்ட்டா இருக்கு"ன்னு தமிழ்ல சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவங்களுக்கு அது இன்னும் மோசமாப் பட்டுச்சு. கள்ள அளவு வச்சு ஏமாத்துறான்னு முடிவு பண்ணிட்டாங்க.

ஆபீஸ் ரூம்ல மேசைக்குப் பின்னால ஒரு அதிகாரி, பக்கத்துல கபீல். தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்ச ஆள் வேணும்னு தேடி, கரையில நின்ன என்னைத்தான் கூப்புட்டாங்க. அதிகாரி நல்ல மனுசன், கத்தல. இந்தக் கோட்டைப் போட்டது யாருன்னு கேக்கச் சொன்னாரு. வேற யாராச்சும் தப்பாச் சொல்லிக் குடுத்திருந்தா, இந்த ஆளை எச்சரிக்கை பண்ணி விட்டுடலாம்னும் சொன்னாரு. கபீலும் அதுக்குத் தலையாட்டுனாரு. நான் அண்ணன் பக்கம் திரும்பி, கோட்டை யாரு போட்டதுன்னு கேக்குறாங்கண்ணேன்னு மட்டும் சொன்னேன்.

"நீதானே தம்பி போட்டுக் குடுத்தே? அதையே சொல்லு. கூட்ட வேணாம், குறைக்க வேணாம், உள்ளதைச் சொல்லு."

நான் அதிகாரியைப் பாத்து இங்கிலீஷ்ல சொன்னேன்: கோட்டைத் தானே போட்டதாச் சொல்றாரு சார். தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சாராம். மன்னிப்புக் கேக்குறாரு. குரல் கொஞ்சம்கூட நடுங்கல.

அதிகாரி, அண்ணன் முகத்தைப் பாத்துட்டு, நிச்சயமா அப்படித்தான் சொல்றாரான்னு என்கிட்ட கேட்டாரு. யெஸ் சார்னேன். அந்த யெஸ் மட்டும் அண்ணனுக்குப் புரிஞ்சுருச்சு. நான் அவருக்காகப் பேசுறேன்னு நெனச்சு, அவரும் ஆமா சார், யெஸ் சார்னு வேகமாத் தலையை ஆட்டுனாரு. கபீல் கலாஸ்னு சொல்லிட்டு எந்திரிச்சாரு. விசா ரத்து, அந்த வாரமே டிக்கெட்.

வெளிய வராந்தாவுல அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. உருவப் பாத்தேன், விடல. "நீ என்ன தம்பி செய்வே? நீ உள்ளதைத்தான் சொன்னே. அவங்க கேக்கல"ன்னாரு. கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு. நாலு எட்டு நடந்தவரு, சட்டுன்னு நின்னு, குரலைத் தாழ்த்திக்கிட்டு கேட்டாரு:

"அத்தனை பேரு முன்னாடி கோடு போட்டது நீதான்னு ஒத்துக்கிட்டியே... உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிறாதே தம்பி?"

"ஆகாதுண்ணே"ன்னேன்.

ஆகவும் இல்ல.