ஏழாம் நம்பர் தாயான கதை

மாரித்தாய் குரங்குக் கூண்டுக்குள் நடந்தால் சத்தம் கேட்காது. காலைத் தேய்க்க மாட்டார். வாளியைக் கீழே வைத்தாலும் அடியில் கை கொடுத்துத்தான் வைப்பார். பதினாறு வருடம் ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தியவர் அவர். மருந்து அறையில் எதையும் உரசக் கூடாது, இழுக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. உடம்பில் ஊறிய அந்தப் பழக்கத்தோடுதான், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் குரங்கு இனப்பெருக்க மையத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தார்.

விரும்பி வந்த வேலை இல்லை. 2021இல் அந்தக் கம்பெனியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். காலையில் ஆள் ஏற்ற வரும் வேன் வரவில்லை. கணவர் சோணைமுத்து சிவகாசியில் லாரிக்கு லோடு ஏற்றுபவர். சீசன் முடிந்தால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருக்கும். இந்த நேரத்தில்தான் மையத்தில் கூண்டு கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

“குரங்குக்குப் பீ அள்ளவா அம்புட்டுத் தூரம் போற?” என்று சோணைமுத்து கேட்டார்.

“மருந்து அள்ளுன கைதானே, இதையும் அள்ளும்” என்று சொல்லிவிட்டு மாரித்தாய் கிளம்பினார்.

அங்கே இருந்தவை சிங்கவால் குரங்குகள். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம். காட்டிலேயே சில ஆயிரம்தான் மிச்சம் என்று மையத்தின் கால்நடை மருத்துவர் யோகேஸ்வரி முதல் நாளே சொன்னார். மாரித்தாய்க்கு அந்தக் கணக்கு மனதில் நிற்கவில்லை. நின்றது, தனிக் கூண்டில் உட்கார்ந்து தன் முன்கை முடியைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குரங்கு.

பதிவேட்டில் அதன் பெயர் ஏழாம் நம்பர். குட்டியாக இருந்தபோதே யாரோ பிடித்து விற்று, ஒரு தங்கும் விடுதியின் வாசலில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். வனத்துறை மீட்டுக் கொண்டுவந்தபோது அதற்கு நான்கு வயது. இன்னொரு குரங்கின் மடியில் உட்கார்ந்த நினைவே அதற்கு இருக்க வழியில்லை. மையத்தில் முதல் குட்டி போட்டபோது, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அலைந்தது. மூன்றாம் நாள் குட்டி இறந்துவிட்டது. மாரித்தாய் வேலைக்குச் சேர்ந்த மாதம் இரண்டாவது பிறந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டு ஏழாம் நம்பர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் அந்தப் பெண் குட்டியை எடுத்துப் பாட்டில் பால் கொடுத்து வளர்த்தார். குட்டி பிழைத்தது. ஆனால் மனுசரைக் கண்டால் ஓடி வரும், குரங்கைக் கண்டால் பயந்து ஒளியும்.

மாரித்தாய் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கூண்டு கழுவிய பிறகு அவர் சும்மா நின்று குரங்குகளைப் பார்ப்பதைக் கவனித்த டாக்டர், ஒரு நாள் நோட்டும் பேனாவும் கொடுத்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குரங்கும் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். தின்கிறதா, தூங்குகிறதா, பேன் பார்க்கிறதா, முடி பிடுங்குகிறதா.

“தப்பா எழுதிட்டா?” என்று மாரித்தாய் கேட்டார்.

“கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் எழுதுங்கக்கா. ஏன் அப்படிச் செய்யுதுன்னு எழுத வேண்டாம். அதைப் பிறகு யோசிக்கலாம்.”

2023 தொடக்கத்தில் ஏழாம் நம்பர் மூன்றாம் முறை சினையானது. இணை சேர்வதற்காகச் சில நாள் உள்ளே விட்டிருந்த கடுவனைப் பழையபடி பெரிய கூண்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஏழாம் நம்பரின் கூண்டை ஒட்டியே இருந்த அந்தப் பெரிய கூண்டில் கடுவனின் கூட்டம் இருந்தது. கூட்டத்தில் மூத்த பெண் குரங்கை மாரித்தாய் ‘பெரியவ’ என்று கூப்பிடுவார். காட்டில் வளர்ந்து, அடிபட்டு வந்து சேர்ந்தது அது. அப்போது அதற்குக் கைக்குட்டி இருந்தது.

ஏப்ரல் மாதம் மாரித்தாய் நோட்டை டாக்டரிடம் விரித்துக் காட்டினார்.

“இதைப் பாருங்க டாக்டரம்மா. பெரியவ குட்டிக்குப் பால் குடுக்கிற நேரமெல்லாம் ஏழாம் நம்பர் கம்பிகிட்ட வந்து உக்காந்துருக்கா. அங்கன பலாச்சுளை கிடக்கு, திங்க மாட்டேங்கா. அந்த நேரம் மட்டும் கை முடியையும் பிடுங்கலை. நாலு வாரமா இப்படித்தான்.”

யோகேஸ்வரி பக்கங்களைப் புரட்டினார். கோடுகளும் நேரமும் தெளிவாக இருந்தன.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

மாரித்தாய் தன் கதையிலிருந்து தொடங்கினார். “என் மூத்தவ ரோஜா பிறந்தப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. எங்க அம்மா இல்லை. பிள்ளையை எப்படிப் பிடிக்கன்னே தெரியாது. அது அழுவுது, நானும் அழுவுறேன். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு பொம்பளை அவ பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்தா. அவ ஒண்ணும் சொல்லித் தரலை. நான் பாத்துப் பாத்துத்தான் பிடிச்சேன். இவளுக்குப் பக்கத்துக் கட்டிலே இல்லையே டாக்டரம்மா.”

அந்த வாரம் மையத்தின் இயக்குநர் ஜெயச்சந்திரன் வந்திருந்தார். அவர் முடிவோடு வந்திருந்தார். “ரெண்டு தடவை என்ன நடந்துச்சுன்னு தெரியும். இந்தத் தடவை பிறந்த உடனே எடுத்துருங்க. குட்டியாவது மிஞ்சும்.”

டாக்டர் பதில் சொல்வதற்குள், கதவோரம் நின்ற மாரித்தாய் பேசிவிட்டார். “மிஞ்சும் சார். ஆனா அதுவும் இவளை மாதிரியே வளரும். நாளைக்கு அது பிள்ளை பெத்தா அதையும் நாமதான் தூக்கணும். இப்படியே போனா, குரங்கு வளத்த குரங்கு இங்கன ஒண்ணுகூட இருக்காது.”

ஜெயச்சந்திரன் திரும்பிப் பார்த்தார். “இவங்க யாரு?”

“கூண்டைப் பாத்துக்கிறவங்க சார். இந்த நோட்டு இவங்க எழுதினது” என்று டாக்டர் அதை அவர் கையில் கொடுத்தார்.

அவர் அரை மணி நேரம் படித்தார். பிறகு, ஏழாம் நம்பரைக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் குட்டிக்கு ஆபத்து என்றால் உடனே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேர்ப்பது லேசாக நடக்கவில்லை. நடுக்கதவைத் திறந்த முதல் நாளே பெரியவ ஏழாம் நம்பரின் விரலைக் கடித்துவிட்டது. மருந்து போட்டு, நான்கு நாள் விட்டு, மறுபடி திறந்தார்கள். இந்த முறை ஏழாம் நம்பர் தரையோடு தரையாகக் குனிந்து உட்கார்ந்தது. பத்தாம் நாள், பெரியவ அதன் முதுகில் பேன் பார்த்தது. வேறொரு குரங்கின் கை தன்மேல் படுவதை ஏழாம் நம்பர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியது. அன்றைக்கு மாரித்தாய் நோட்டில் வழக்கமான கோட்டோடு ‘நல்லா இருக்கா’ என்றும் எழுதிவிட்டார். டாக்டர் அந்த வார்த்தைகளை அடிக்கவில்லை.

ஜூனில் பெரியவ தன் குட்டியைத் தொட விட்டது. ஏழாம் நம்பர் அதைத் தூக்கியது, தலைகீழாகத்தான். பெரியவ வந்து பிடுங்கி, நேராகத் தன் வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே. ஒன்பதாவது தடவை ஏழாம் நம்பர் நேராகத் தூக்கியது. முடி பிடுங்குவது குறைந்து, முன்கையில் புது முடி முளைத்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை மாரித்தாய் வந்து பார்த்தபோது குட்டி பிறந்திருந்தது. வெளிறிய ரோஸ் நிற முகம், ஈர முடி. ஏழாம் நம்பர் அதைக் கையில் வைத்திருந்தது, கீழே போடவில்லை. ஆனால் மார்போடு சேர்க்கவும் இல்லை. குட்டி வாயைத் திறந்து திறந்து தேடியது. எட்டு மணி ஆனது, பத்து ஆனது. பால் குடிக்கவில்லை. விஷயம் தெரிந்து ஜெயச்சந்திரனும் வந்துவிட்டார். கம்பிக்கு வெளியே ஆறு பேர் நின்றார்கள்.

“நாலு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல விட முடியாது” என்றார் டாக்டர். அவர் கையில் பால் பாட்டில் தயாராக இருந்தது.

“அப்ப எல்லாரும் அங்கிட்டுப் போங்க. இம்புட்டுக் கண்ணு பாத்தா எந்தப் பொம்பளை பால் குடுப்பா?” என்றார் மாரித்தாய்.

இயக்குநர் உட்பட எல்லாரும் போனார்கள். மாரித்தாய் மட்டும் தூண் மறைவில் நோட்டோடு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்குப் பெரியவ இறங்கி வந்தது. ஏழாம் நம்பரின் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, தன் குட்டிக்குப் பால் கொடுக்கத் தொடங்கியது. ஏழாம் நம்பர் வெகுநேரம் அதையே பார்த்தது. பிறகு தன் கையை மடக்கியது. குட்டி வயிற்று முடியைப் பற்றி மேலே ஏறி, முகத்தை இங்கும் அங்கும் முட்டி, ஒரு இடத்தில் நின்றது. அதன் கன்னம் அசைந்தது.

மாரித்தாய் நேரத்தைப் பார்த்து எழுதினார்: ‘ஒன்று நாற்பது. பால் குடிக்குது.’ எழுத்து கோணலாக விழுந்தது. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டர் அவரைக் கட்டிக்கொண்டார். ஜெயச்சந்திரன் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, “டீ சொல்லுங்கப்பா, எல்லாருக்கும்” என்றார்.

ஏழாம் நம்பர் அந்தக் குட்டியை வளர்த்தது. அதன் பிறகு இன்னொன்றையும் வளர்த்தது. பாட்டில் பாலில் வளர்ந்த மகளையும் அதே வழியில் மெல்ல மெல்லக் கூட்டத்தில் சேர்த்தார்கள். சென்ற வருடம் அது தன் முதல் குட்டியைத் தானே பால் கொடுத்துக் காப்பாற்றியது. மற்றவை போட்டதையும் சேர்த்தால் மூன்று வருடத்தில் மையத்தில் ஐந்து குட்டிகள். ஒன்றைக்கூட மனுசர் கை வளர்க்கவில்லை.

கேரளத்தில் நடந்த விலங்குக் காப்பாளர்கள் கூட்டத்துக்கு மாரித்தாயை அழைத்துப் போனார்கள். அவர் தன் பேச்சிலேயே பேசினார், டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவர் எழுந்து, தாய்மையைக் குரங்குக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைங்க. தெரிஞ்சவளுக்குப் பக்கத்துல உக்கார வச்சேன். பிறகு நாங்க வெளிய போயிட்டோம்” என்றார் மாரித்தாய். அந்தப் பெரிய அறை கைதட்டியது. முன்வரிசையில், புதுச் சட்டையில் வந்திருந்த சோணைமுத்துதான் கடைசியாக நிறுத்தினார்.

இப்போது மாரித்தாய் மையத்தின் நிரந்தரக் காப்பாளர். போன வாரம் வேறொரு விலங்குக் காட்சிசாலையிலிருந்து ஒரு பெண் குரங்கு வந்து இறங்கியது. அதுவும் தனியாக வளர்ந்ததுதான். எந்தக் கூட்டத்தில் விடலாம் என்று கேட்டு ஜெயச்சந்திரன் நேராக மாரித்தாயிடமே வந்து நின்றார்.

“ஒரு மாசம் குடுங்க சார்” என்றார் மாரித்தாய். “அவ யாரைப் பாக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”