மெஷினுக்கே கொடுத்த காப்பி

ஃபேர்லேண்ட்ஸ் கடையில் நானே பார்த்து வாங்கிய டிரிப் காப்பி மேக்கரை நம்பி, பழைய ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிட்டேன். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் காத்திருந்தார்கள். மெஷின் சொட்டிய டிகாஷனை ஊற்றியும் பாலின் நிறம்கூட மாறவில்லை. கல்யாணமே நின்றுவிட்டதுபோல் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

“பேசாம டீ வெச்சுரட்டுங்களா?” என்றாள் மனைவி.

“காப்பிதான்!” என்று மீதி டிகாஷனை மெஷினின் தண்ணீர்த் தொட்டியிலேயே ஊற்றி, புதுப் பொடி போட்டு மறுபடி ஓட்டினேன்.

“ஏனுங்க, மெஷினுக்கே காப்பி குடுக்கறீங்களா?”

இம்முறை கறுகறுவென்று இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா குடித்துவிட்டு, “இன்னொரு டம்ளர் கெடைக்குங்களா?” என்றார்.

டிகாஷன் தீர்ந்திருந்தது; மறுபடி முதலிலிருந்து இரண்டு தடவை ஓட்டினேன். அது சொட்டி முடிப்பதற்குள் கூடத்தில் கல்யாணத்துக்கு நாளே குறித்துவிட்டார்கள்.