பானை நிற்காத தரை

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அப்பாவுக்குச் சுரங்கத்திலேயே வேலை கிடைத்தது. நெய்வேலி குவாட்டர்ஸில் வீடும் கிடைத்தது. சிமெண்டுத் தரை. அப்பாவுக்கு அதில் பெருமை. அம்மாவுக்கு அதில்தான் தொந்தரவு.

ஊர் வீட்டில் மண்தரை. அடுப்போரம் குழி பறித்துத் தண்ணீர்ப் பானையை உட்கார வைத்திருந்தாள். இங்கே அது ஆடியது. வைக்கோல் பிரிமணை போட்டாள். அதுவும் சிமெண்டில் வழுக்கியது. ஒரு பானை சாய்ந்து உடைந்தது. அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு, உட்காருவதும் எழுந்து பானையைப் பிடிப்பதுமாகவே இருப்பாள்.

ஒருநாள் கடப்பாரையை எடுத்துச் சமையலறைத் தரையில் குழி போட்டுவிட்டாள். பானை உட்கார்ந்தது.

ஷிப்டு முடிந்து வந்த அப்பா பார்த்தார்.

"யாரக் கேட்டுகினு ஒடச்ச? ஓவர்சியர் பாத்தா வூட்டக் காலி பண்ணுன்னுடுவான்."

"பண்ணட்டும். வளையமாதேவில எங்கண்ணன் வூட்ல பானையும் நிக்கும், எனக்கும் எடம் இருக்கு."

"போயேன். யாரு புடிச்சிகினு இருக்கா?"

அம்மா பானையைத் தூக்கி வெளியே வைத்தாள். புடவைகளை மூட்டை கட்டிக் கதவோரம் வைத்தாள். ஆனால் போகவில்லை.

காலியான குழியில் நான் கோலிக்குண்டு விட்டு விளையாடினேன். எப்படித் தள்ளினாலும் ஆடி ஆடி அடிக்கே வந்தது. பிறகு சட்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் இன்னொரு குண்டை வைத்தேன். உருண்டு உருண்டு விழுந்து, கடைசியில் ஒருவழியாக உச்சியில் நின்றது. இரண்டும் ஒரே மாதிரிதான் நின்றன. சுரங்கத்தில் வெடி போட்டார்கள். ஜன்னல் லேசாக அதிர்ந்தது. சட்டிமேல் இருந்தது ஓடியே போய்விட்டது. குழியில் இருந்தது அங்கேயே இருந்தது.

பின்னாளில் என் மகளின் கணக்குப் புத்தகத்தில் இதே படத்தைப் பார்த்தேன். இரண்டுக்கும் சமநிலை என்றுதான் பெயராம். ஒன்று உறுதியானது, மற்றது உறுதியற்றது. குண்டை மட்டும் பார்த்தால் தெரியாது, அது நிற்கிற இடம் எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்கணும் என்றாள். அந்த வயதில் நான் குண்டை மட்டும்தான் பார்த்தேன்.

சண்டை நடந்த மறுநாள் அப்பா சிமெண்டு குழைத்துக் குழியை அடைத்தார். அம்மா சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். வீட்டில் சத்தமே இல்லை. சண்டை தீர்ந்தது என்று எனக்குச் சந்தோஷம். அந்த மூட்டைமேல் சாய்ந்துகொண்டு பாடம் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை.

அம்மா உப்பு ஜாடியை அவர் முன்னால் வைத்தாள். கை கழுவினாள். மூட்டையை எடுத்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"நீ நாளைக்கு ஸ்கூலுக்குப் போவணும். இரு."

போய்விட்டாள். அப்பா எச்சில் கையோடு வாசலில் நின்றார்.

பக்கத்து வீட்டு மதுரைக்கார அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, ஒங்காத்தா எங்கடி மூட்டையத் தூக்கிட்டுப் போறா?"

"கொழம்புல உப்பு இல்லக்கா. அதான்."

அக்கா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

நான் உள்ளே ஓடினேன். ஒரு கை உப்பை அள்ளிக் குழம்பில் போட்டுக் கலக்கினேன். திரும்ப வந்து அப்பாவின் வேட்டியை இழுத்தேன்.

"இப்ப சரியாயிடுச்சிப்பா. அம்மாவக் கூப்புடு."