கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ

போன கிழமை மாணவன் ஒருவன் கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தான். புலமைப்பரிசிலுக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டுமாம். "தலைமைத்துவப் பயிற்சி எடுத்ததைக் கட்டாயம் போடுங்கோ சேர்" என்று முடித்திருந்தான். அவன் சொன்னது பாடசாலை விடுமுறையில் நடந்த ஒரு முகாமைத்தான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் பதில் போடாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பயிற்சி என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் சும்மா எழுத முடிவதில்லை. ஏனென்று சொல்வதானால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

சண்டை முடிந்து சனம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. பெருநிலப்பக்கம், கடற்கரையோரம் ஒரு பள்ளிக்கூடம். நான் தீவுப்பக்கம் உப்புக்குளத்தில் வளர்ந்தவன், கடைசிச் சண்டையை வானொலியில் மட்டும் கேட்டவன். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி பஸ் ஏறிப் போவேன். வகுப்பறையில் வெயில் பட்ட புதுத் தகரத்தின் மணம், அதற்குள் கருவாட்டு மணம். இப்போதும் எங்காவது தகரம் சூடேறினால் எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் வரும். வளவுக்குப் பின்னால் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகள் நின்றன. பிள்ளைகள் அதன் ஓரமாகவே ஓடி விளையாடுவார்கள். மடிப்புக் கலையாத சேட்டுப் போட்ட இந்த வாத்தியார்தான் காலடியைப் பார்த்துப் பார்த்து நடப்பார்.

அங்கே உயர்தரம் படித்தவள் ஜெசிந்தா. தகப்பன் சண்டையில் செல்லடி பட்டுச் செத்துப்போனார். தாய் பிலோமினா அக்கா கருவாட்டு வாடியில் வேலை செய்தா. கொழும்பு நிறுவனம் ஒன்று விடுதியும் தந்து படிப்பிக்கப் பிள்ளைகளைத் தேடியது. ஆசிரியரின் வலுவான கடிதம் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அவள் அந்த ஊரைவிட்டு வெளிக்கிடுவது எல்லாவற்றுக்கும் நல்லது என்று எனக்குப் பட்டது. மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வருவார்கள். அவள் வயதுப் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் யார் யார் இயக்கத்தில் இருந்தது என்று விசாரிப்பார்கள். அவள் இருந்ததில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்கு இரண்டு தரம் வந்துவிட்டார்கள்.

கடிதத்துக்கு விஷயம் எனக்கு வகுப்பிலேயே கிடைத்தது. முதலாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தியின் முன்கையில் நீளமாக ஒரு தழும்பு. சண்டை நேரம் பங்கருக்குள் ஜெசிந்தா தன் தாயின் சேலையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டி இரத்தத்தை நிறுத்தினாளாம். இன்னும் பல பேரின் காயங்களையும் கட்டினாளாம். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். இதைவிட வலுவாக என்ன வேண்டும்? தமிழ் வாத்தியார் என்ற தலைக்கனத்தோடு இரண்டு பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் செஞ்சிலுவைப் பாடம் படித்தவள் என்பதால், "முதலுதவியில் நல்ல பயிற்சி பெற்றவர்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

பிலோமினா அக்கா வந்து, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னா. முழுவதையும் தலை குனிந்தபடி கேட்டா. பிறகு கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தா.

"எல்லாம் உண்மைதான் சேர். ஆனா கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ."

எனக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கத்தில் பயிற்சி எடுத்தவள் என்றால் இயக்கத்தில் எடுத்தவள் என்ற ஒரே ஒரு அர்த்தம்தான் என்பதை அவதான் எனக்குச் சொல்லித் தந்தா. அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"வெட்டினாலும் காயம் கட்டினவள் எண்டு கிடக்குமெல்லோ. ஆரின்ர காயத்தைக் கட்டினவள் எண்டு கேப்பாங்கள்."

கடிதம் அவளைக் கொண்டுபோகும் என்று நான் நினைத்தேன். எங்கே கொண்டுபோகும் என்பதுதான் தாயின் பயம். எந்தக் காகிதம் எந்தக் கந்தோருக்குள் போய் யாருடைய மேசையில் வெளிவரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. யோசிக்கிறேன் என்று சொல்லிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாவடியில் சிப்பாய் பையைத் திறந்து அந்தத் தாள்களை வெளியே எடுத்தான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். பள்ளிக்கூடக் கடிதம் என்றேன். அவன் தமிழ் தெரிந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். வந்தவன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினான். அவனுடைய விரல் ஜெசிந்தாவின் பெயரைத் தாண்டி வரிவரியாக இறங்கியது. நான் பையை முழங்காலோடு அணைத்துப் பிடித்தேன். முதல் பக்கம் முடியுமுன் அடுத்த பஸ் வந்து நின்றது. அவன் சலிப்போடு தாள்களைத் திருப்பித் தந்தான். வீட்டுக்கு வந்ததும் அவற்றை அடுப்பில் போட்டேன், சாம்பலையும் கிளறிவிட்டேன்.

புதுக் கடிதம் நாலே வரி. ஒழுங்காகப் பாடசாலைக்கு வருபவர், அமைதியானவர், பெரியோரை மதிப்பவர். அப்படி நாடு முழுக்க எத்தனை பிள்ளைகள். அவளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. தகவல் சொல்லப் போனபோது ஜெசிந்தா உள்ளே போய்விட்டாள். "பிள்ளை வீட்டில இருக்கிறாள், எனக்கு அது காணும் சேர்" என்றா தாய்.

இப்போது அந்தச் சாவடி இல்லை, பஸ் நிற்காமல் போகிறது. மிதிவெடிப் பலகைகளும் இல்லை. பிலோமினா அக்கா குடும்பம் எங்கே போனது என்று ஊரில் எவருக்கும் சரியாகத் தெரியாது. காயம் கட்டிய கதையும் போய்விட்டது. வெளியில் சொல்லாதே என்று தாய்மார் அதட்டி அதட்டியே பிள்ளைகளுக்கு மறக்கப்பண்ணிவிட்டார்கள். போன மாதம் நானாட்டானில் ஒரு தேநீர்க்கடையில் இளம்பெண் ஒருத்தி எழுந்து வந்து வணக்கம் சொன்னாள். அங்கே கந்தோரில் வேலையாம். முன்கையில் தழும்பைக் கண்டதும் யாரென்று தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அவளே சொன்னாள்.

"பங்கருக்குள்ள ஆரோ ஒரு அக்கா கட்டிவிட்டவவாம். இல்லாட்டி நான் இல்லையாம். பேர் தெரியாது சேர்."

நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன், கடையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.